வளையலில் சுற்றிய முடி

கெங்கம்மாவின் வீட்டில் சோற்றில் முடி கிடந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த வாய் சாப்பிடுவார்கள். அவள் புருஷன் குணசேகரன் மட்டும் அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் ஆட்டுவான்.

"இது எந்த ஊரு பொம்பள முடி, பாத்து சொல்லு."

அவளும் விளையாட்டாக இரண்டு விரலால் உருவிப் பார்ப்பாள். "இருபது இஞ்சு. எண்ணெயே காணாத முடி. வடக்கத்தி பொண்ணு, சின்ன வயசு."

"கேட்டுக்கோ மகிழு. உங்கம்மா ஜோசியம் சொல்லுது."

விம்கோ நகரில், மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் சுவரை ஒட்டி ஒரு முடி கம்பெனி இருக்கிறது. கோயில்களில் மொட்டை போட்ட முடி மூட்டை மூட்டையாக அங்கே வரும். அலசிக் காயவைத்த முடியை ஆணி வரிசையாக நிற்கும் பலகையில் இழுத்துச் சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டாக முடிய வேண்டும். கெங்கம்மா அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாய் அதிகம் திறக்கமாட்டாள். மற்ற பெண்கள் சீரியல் கதை பேசும்போது இவள் கையில் இருக்கும் முடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சுருட்டை, நேர்முடி, காய்ச்சலில் கொட்டியது, பிள்ளை பெற்ற பிறகு மெலிந்தது, எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் மேலே போட்டிருக்கும் பழைய சட்டையைக் கழற்றி உதறுவார்கள். ஒருத்தி முதுகை ஒருத்தி தட்டிவிடுவாள். அப்படியும் முடி கூடவே வீட்டுக்கு வரும். முக்கியமாக வளையலில் வரும். இரண்டு கண்ணாடி வளையலுக்கு நடுவில் புகுந்து, நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும். தினமும் சாயங்காலம் குழாயடியில் உட்கார்ந்து ஊக்கை வைத்து அதை எடுத்த பிறகுதான் கெங்கம்மா அடுப்பைத் தொடுவாள்.

வெளியில் கேட்பவர்களுக்கு "எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை" என்று சொல்வதோடு சரி. மகள் மகிழினி பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்து வைத்தது அது. அப்படியே நின்றுவிட்டது.

ஓட்டலுக்குப் போவது கெங்கம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் பயமும் உண்டு. கல்யாணமான புதிதில் குணசேகரன் அவளை ராயபுரத்துக்குக் கூட்டிப்போனான். அப்போது கன்டெய்னர் லாரியில் கிளீனராக இருந்தான். 'ஃபேமிலி ரூம்' என்று எழுதிய திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, "இன்னா வோணுமோ சொல்லு" என்றான். சப்ளையர் வந்து நின்றதும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்து மேசைத் தட்டைக் கண்ணால் காட்டி, "அதான்" என்றாள். பரோட்டாவும் சால்னாவும் வந்தது. அன்றிலிருந்து அதுதான் அவள் வழக்கம். பக்கத்தில் என்ன இருக்கிறதோ, அதான். ஒருமுறை அப்படிக் காட்டியதில் ஈரல் வறுவல் வந்துவிட்டது. ஈரல் அவளுக்கு ஆகாது. மாற்றிக் கேட்க வாய் வராமல் முழுவதையும் தின்று தீர்த்தாள். வீட்டுக்கு வந்து அவள் வாந்தி எடுத்தபோதுதான் குணசேகரனுக்கு அது தெரிந்தது.

மகிழினி இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிறாள். அவளோடு வேலை செய்யும் பெண் மூலமாக ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பகலவன். துறைமுகத்தில் ஒப்பந்த இன்ஜினியர். அப்பா இல்லை. அம்மா யசோதரா வியாசர்பாடியில் இருக்கிறார், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். போனில் பேசும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எங்களுக்கு நகை, சீரு எதுவும் வேணாம். சுத்தபத்தமான குடும்பமா இருந்தா போதும்."

வீட்டில் வைத்துப் பெண் பார்க்க மகிழினி ஒத்துக்கொள்ளவில்லை. "நான் காபி தட்டு தூக்கிகினு வரமாட்டேன். ஓட்டல்ல வெச்சிக்கலாம். எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுவோம். புடிச்சா புடிக்கட்டும்."

குணசேகரனுக்கு அது பெருமையாகவே இருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் புதிதாகப் பெரிய பிரியாணி ஓட்டல் ஒன்று திறந்திருந்தார்கள். ஏசி அறையில் ஞாயிறு மதியம் ஆறு பேர் மேசைக்குச் சொல்லிவைத்தான்.

அந்த ஞாயிறு பார்த்துக் கம்பெனியில் சரக்கு ஏற்றவேண்டியிருந்தது. காலையில் மட்டும் வந்துவிட்டுப் போகும்படி கெஞ்சினார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் கெங்கம்மா போனாள். பன்னிரண்டரைக்கு ஓடி வந்து, இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டினாள். வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. ஊக்கைத் தேடினாள், காணோம். வளையலைப் பார்த்தாள். மஞ்சள் கண்ணாடிக்கு நடுவில் கறுப்பாக ஏதோ இருந்தது. அங்கே போய்க் கை கழுவும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். போனதும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. மறந்துபோனாள்.

யசோதரா வெள்ளை வாயில் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதிகம் சிரிக்கவில்லை, ஆனால் மகிழினியிடம் அவள் வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டார். மகிழினியும் கூச்சமில்லாமல் பதில் சொன்னாள். பகலவன் குணசேகரனிடம் லாரிகள் துறைமுக வாசலில் நாள்கணக்காக நிற்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். எல்லாம் நன்றாகவே போனது.

பிரியாணியைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். சப்ளையர் கரண்டியை எடுத்தபோது கெங்கம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பையனைப் பெற்றவளுக்கு முதல் கரண்டி பெண்ணைப் பெற்றவள் கையால்தான் விழவேண்டும். அவள் பிறந்த தெருவில் அப்படித்தான். அது வீடாக இருந்தால் என்ன, ஓட்டலாக இருந்தால் என்ன.

"குடுப்பா, நான் போடறேன்," என்றாள்.

ஓட்டல் சப்ளையரிடம் அவள் வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசியது அன்றுதான். குணசேகரன் ஆச்சரியமாகப் பார்த்தான். அவள் எழுந்து நின்று, வளையல் குலுங்க, கறித்துண்டாகப் பார்த்து எடுத்து யசோதராவின் தட்டில் வைத்தாள்.

நாலாவது வாயில் யசோதரா நிறுத்தினார். உதட்டிலிருந்து ஒரு முடியைப் பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம். அதைக் காகிதக் கைக்குட்டையில் வைத்து மடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

மடிப்பதற்கு முன்னால் கெங்கம்மா பார்த்துவிட்டாள். இருபது இஞ்சு. எண்ணெய் காணாத முடி.

குணசேகரனும் பார்த்துவிட்டான். வீட்டில் முடியை வைத்து ஜோசியம் கேட்கிற மனுஷன், சம்பந்தி தட்டு என்றதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"இன்னா சார் இது? இன்னா ஓட்டல் நடத்துறீங்க? யாரு சார் உள்ள சமைக்கிறது, கூப்புடு."

சூப்பர்வைசர் ஓடிவந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். மடித்திருந்த காகிதத்தைப் பிரித்து முடியின் நீளத்தைப் பார்த்தார். "உள்ள லேடிஸ் ஒரே ஒருத்தர் தான் சார். வெங்காயம் அரியிற அம்மா," என்று சொல்லி, ஆளனுப்பிக் கூட்டிவரச் செய்தார்.

வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஈரமான ஏப்ரன், வெங்காயத்தில் சிவந்த கண், தலையில் இறுக்கிக் கட்டிய துணி. அவள் பெயர் பூமாரி என்று சூப்பர்வைசர் திட்டியபோதுதான் தெரிந்தது.

"இன்னாமா பூமாரி, எட்டு வருஷமா எந்த ஓட்டல்லயும் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லன்னு சொல்லி தானே வேலைக்கு சேந்தே?"

"என்னுது இல்ல சார். என் முடிய பாருங்க."

அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். பாதி நரைத்த சுருட்டை முடி, கழுத்து வரைக்கும்கூட வராது. பார்த்தால் யாருக்கும் புரிந்திருக்கும். சூப்பர்வைசர் பார்க்கவில்லை. குணசேகரன் பார்க்கவில்லை. கெங்கம்மா பார்த்தாள்.

யசோதரா சத்தம் போடவில்லை. தணிந்த குரலில், ஒரு வார்டு ஆயாவிடம் சொல்வதுபோலச் சொன்னார். "கையையாவது கழுவிட்டு வேலை செய்யுங்கம்மா. சாப்பிடறவங்களும் மனுஷங்க தானே."

திட்டு வாங்கியபோது அசையாத பூமாரியின் முகம் அதற்கு அசைந்தது.

கெங்கம்மாவின் வலது கை மேசைமேல் இருந்தது. வளையலில் இன்னும் இரண்டு இழை தொங்கிக்கொண்டிருந்தது. ஏசிக் காற்றில் லேசாக ஆடியது. பூமாரி நின்ற இடத்திலிருந்து அவள் கண் கீழே வந்தது, வளையலில் ஒரு நொடி நின்றது, பிறகு கெங்கம்மாவின் முகத்துக்கு ஏறியது.

கெங்கம்மா கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

பூமாரி துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். சூப்பர்வைசர் வேறு பிரியாணி கொண்டுவரச் சொன்னார். மன்னிப்புக்கு அடையாளமாக எல்லோருக்கும் பிரெட் அல்வா கொடுத்தார்கள். கெங்கம்மாவும் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். அது இனித்தது. அவளால் அதைத்தான் தாங்கமுடியவில்லை.

இரண்டு நாளில் யசோதரா போன் செய்தார். "எங்களுக்குச் சம்மதம். தேதி பேச அடுத்த மாசம் இன்னொரு வாட்டி உக்காரலாம்." மகிழினி பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடித்தாள். குணசேகரன் அன்றைய சண்டையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "நம்ம மேல எவ்ளோ மரியாத வந்துச்சு தெரியுமா அவங்களுக்கு. சம்பந்தி தட்டுனா சும்மாவா."

கெங்கம்மா வளையலைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து வெறும் கையோடு இருந்ததில்லை அவள். "இன்னாடி இது கோலம்?" என்று குணசேகரன் கேட்டதற்கு, "வேலைக்கு இடைஞ்சலா கீது," என்றாள். ஒருநாள் சாம்பாரில் முடி வந்தது. அவன் வழக்கம்போல் தூக்கிப் பிடித்து ஊர் கேட்டான். அவள் அதை வாங்கி அடுப்பில் போட்டுவிட்டு எழுந்துபோனாள்.

ஷேர் ஆட்டோ தினமும் அந்த ஓட்டலைத் தாண்டித்தான் போகும். அந்த இடம் வந்ததும் அவள் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, உடம்பு சரியில்லை என்று மதியமே கிளம்பி வந்தவள், அங்கே இறங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டி நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் தாண்டினாள். மூன்றாம் தடவை, வாசலில் நின்றவர் "பார்சலாம்மா?" என்று கேட்டதும் வேறு வழியில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

மணி மூன்றரை. ஓட்டல் காலியாக இருந்தது. சப்ளையர் வந்து நின்றார். காட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு தட்டும் இல்லை.

"வெங்காயம் அரியிற அம்மா," என்றாள் கெங்கம்மா.

"என்னம்மா?"

"பூமாரின்னு. அவங்கள பாக்கணும்."

சப்ளையர் போய் சூப்பர்வைசரை அனுப்பினார். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. அந்த ஞாயிறு, பெண் பார்த்த மேசை என்று சொன்னதும் நிமிர்ந்தார்.

"அந்தம்மாவ அன்னைக்கே நிறுத்திட்டோம் மேடம். இனிமே அப்படி நடக்காது."

"அது அவங்க முடி இல்ல. என்னுது. என் தலைமுடியும் இல்ல, என் வளையல்ல இருந்து வுழுந்தது. நான் முடி கம்பெனியில வேல செய்யறேன்."

பத்து நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். சொல்லி முடித்ததும் வேர்த்துவிட்டது. சூப்பர்வைசர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. அலுப்பாக இருந்தது அவர் முகம்.

"இப்ப சொல்லி என்னம்மா பண்றது? வேற ஆள் போட்டாச்சு. அந்தம்மா எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் வண்டிங்க நிக்கிற இடத்துல, அவங்க தங்கச்சி சாப்பாட்டுக் கடையில இருக்கறதா கேள்வி." பிறகு, "டீ எதனா சாப்பிடறீங்களா?" என்றார்.

கெங்கம்மா நேராக அங்கே போனாள். தார்ப்பாய் போட்ட கடை. இரண்டு பெஞ்சு. லாரி போகும்போதெல்லாம் தூசி எழுந்து குழம்புச் சட்டியின் மூடியில் படிந்தது. பூமாரி ஒவ்வொரு தடவையும் மூடியைத் துடைத்துவிட்டுத்தான் திறந்தாள். அடுப்பு, தட்டு, தண்ணீர்க் குடம் எல்லாமே துலக்கி வைத்ததுபோல் இருந்தன. கெங்கம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பூமாரி ஒரு தடவைதான் பார்த்தாள். "சாப்பாடா?"

"அக்கா, அன்னைக்கு ஓட்டல்ல..."

"தெரியும். சாப்பாடான்னு கேட்டேன்."

"போடுக்கா."

சோறு, மீன் குழம்பு, ஒரு துண்டு வஞ்சிரம். கெங்கம்மா கையை வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டும் ஏங்க்கா சொல்லல?"

பூமாரி கரண்டியைச் சட்டியில் சாய்த்து வைத்தாள். "பொண்ணு பாக்குற மேசைன்னு சப்ளையர் உள்ள வந்து சொல்லிட்டான். உன் பொண்ணு அங்க உக்காந்துகினு இருந்துச்சு. நான் வாய தொறந்தா அது வாழ்க்க இன்னா ஆவுமோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அந்த ஒரு நிமிஷத்துல நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

கெங்கம்மா அழுதாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் தட்டோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"அழுவாத. சோத்துல வுழுவப் போவுது," என்றாள் பூமாரி.

"நான் இன்னிக்கு ஓட்டல்காரங்கிட்ட சொல்லிட்டேன்க்கா. ஆனா வேல..."

"வேல கெடக்குது. அவன் இல்லன்னா இன்னொருத்தன். அந்த வெள்ள பொடவ அம்மா ஒண்ணு சொன்னாங்களே, கையையாவது கழுவுன்னு. எங்கம்மா செத்தப்ப கூட எனக்கு அப்டி வலிக்கல. அவங்க கிட்ட சொல்லு. ஓட்டல்காரன் கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? அவங்க கிட்ட சொல்லு."

"அவங்க கிட்ட சொன்னா..."

"தெரியும். அதான் சொல்றேன்."

தேதி பேச உட்கார்ந்த ஓட்டல் ராயபுரத்தில். யசோதராதான் இடம் சொன்னார். நல்ல நேரம், பஞ்சாங்கம் ஒன்றும் அவர் பார்ப்பதில்லை. மண்டபம் கிடைக்கிற ஞாயிறு என்றார். குணசேகரன் தலையாட்டினான். சப்ளையர் தண்ணீர் வைத்தபோது யசோதரா அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "தம்பி, முடி கிடி இல்லாம பாத்துக் கொண்டா. போன வாட்டி ஒரு அம்மா பண்ணின வேலையில..."

"அந்த அம்மா இல்லீங்க," என்றாள் கெங்கம்மா.

குரல் பெரிதாக வரவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பினார்கள்.

"என் வளையல்ல இருந்தது. காலையில வேலைக்குப் போயிட்டு வந்தேன். உங்களுக்கு நான் கரண்டியால போட்டேனே, அப்ப வுழுந்தது. எனக்கு அப்பவே தெரியும்."

குணசேகரன், "இப்ப இன்னாத்துக்கு அது..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். மகிழினி கையிலிருந்த டம்ளரை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எக்ஸ்போர்ட் கம்பெனின்னு சொன்னாங்க," என்றார் யசோதரா.

"பொய் இல்லீங்க. முடிய தான் எக்ஸ்போர்ட் பண்றாங்க."

பகலவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். யசோதரா கண்ணாடியைக் கழற்றி, புடவை முந்தானையில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அது அது பாட்டுக்கு நடக்கட்டும்," என்றார். மகிழினி டம்ளரை வைத்தாள். "ஆனா ஒண்ணு. நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில நின்னவ நான். டாக்டருங்க தப்பு ஆயாம்மா தலையில விழறத எத்தனையோ பாத்திருக்கேன். பாத்துக் கோவப்பட்டிருக்கேன். அன்னைக்கு அதே வார்த்தைய என் வாயாலயே சொல்ல விட்டுட்டீங்களே சம்பந்தியம்மா. ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன்."

கெங்கம்மா பூமாரியைப் பற்றித்தான் இத்தனை நாளும் நினைத்தாள். இது அவளுக்குத் தோன்றவேயில்லை.

பிரியாணி வந்தது. கெங்கம்மா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். யசோதராவே கரண்டியை எடுத்து எல்லோருக்கும் போட்டார், கெங்கம்மாவுக்கும் போட்டார். அளவாகத்தான் போட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை, வேலை விட்டதும் கெங்கம்மா எண்ணூர் ரோட்டுக்கு பஸ் ஏறினாள். கடையில் கூட்டம். பூமாரி இரண்டு கையாலும் தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவரை நகரச் சொன்னாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"உன் வாயாலயா? உன் வூட்டுக்காரரு வாயாலயா?"

"என் வாயால."

"பொண்ணு விஷயம்?"

"நடக்குது."

பூமாரி தலையாட்டினாள். சந்தோஷமா, இல்லையா என்று கெங்கம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த முடியையும் விரலால் படித்துவிடுகிறவளுக்கு அந்த முகம் மட்டும் பிடிபடவில்லை.

"அந்தம்மா உங்கள வந்து பாக்கறேன்னாங்கக்கா, கெளம்பறப்ப."

"எப்ப?"

"எப்பன்னு சொல்லல."

"சரி," என்றாள் பூமாரி. "வந்தா சோறு போடறேன். நீ கைய கழுவிகினு உக்காரு."

கெங்கம்மா குடத்தடிக்குப் போனாள். முழங்கை வரைக்கும் நீட்டித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். வளையல் இருந்த இடத்தில் தோல் வெளிறி இரண்டு கோடாகத் தெரிந்தது. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரல் இடுக்கைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. அப்படியும் இன்னொரு தடவை கழுவினாள். பெஞ்சுக்குப் பின்னால் இடத்துக்காக நின்ற டிரைவர், "இன்னா யக்கா, சீக்கிரம் வா, பசிக்குது," என்றார்.

"அவங்க கழுவட்டும், நில்லு நைனா," என்றாள் பூமாரி, மூடியைத் துடைத்துக்கொண்டே.